வட்டத்துக்குள்ள நில்லுங்கோ

எங்கட பக்கம் மென்டரிங் எண்டால் பெரும்பாலும் ஒரு சூம் மீட்டிங்தான். கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிற ஒரு அண்ணா தான் கடந்துவந்த பாதையைச் சொல்லுவார். சீவியை எப்படித் திருத்துவது, லிங்ட்இன்னில் என்ன போடுவது எண்டும் சொல்லுவார். கடைசியில் ஒரு சேர்ட்டிபிக்கேற் வரும். பிழையில்லை. ஆனால் பொறியியலோ முகாமைத்துவமோ படிக்கிற பிள்ளைக்கு ஒரு வேலையைப் பார்க்கிற கண் அதால வராது.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் தாயிச்சி ஓனோ. புதிதாக வருகிற பொறியியலாளரைத் தொழிற்சாலைக்குள் கூட்டிப்போய், நிலத்தில் சோக்கால் ஒரு வட்டம் கீறி, அதுக்குள்ள நிண்டு பார் எண்டு விட்டுட்டுப் போயிடுவாராம். மணித்தியாலக் கணக்கில். திரும்பி வந்து என்ன கண்டாய் எண்டு கேட்பார். பதில் போதாட்டி திரும்பவும் நிற்கவேணும். (இப்ப யாரும் இப்பிடிச் செய்தால் வட்ஸ்அப் குறூப்பில அவரைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பம்.)

யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி, அறிவியல் நகரில். சுற்றிவர நெல் விளைகிற மண். ஒரு மூன்றாம் வருட மாணவியை ஒரு அரிசி ஆலையில் முழுநாளும் நிற்கவிட்டுப் பாருங்கோ. கையில் ஒரு கொப்பியும் மணிக்கூடும் போதும். முதலாளி இன்னும் பெரிய மெஷின் வாங்க லோன் தேடிக்கொண்டிருப்பார். அவிச்ச நெல் காயும்வரை இருக்கிற மெஷினே எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது எண்டு அவள் குறிச்சுப் பார்த்தால், சிக்கல் காயவைக்கிற களத்தில் எண்டு தெரியவரலாம். மழை நாளில் என்ன நடக்கிறது? ஒரே மூட்டையை எத்தனை தரம் தூக்கி இறக்குகிறார்கள்? பொறியியலும் வியாபாரமும் சந்திக்கிற இடம் அதுதான். வழிகாட்டியின்ர வேலை விடை தெரிஞ்சும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. எங்கட ஆக்களுக்கு அதுதான் கஷ்டம்.

இன்னொண்டு. வினைத்திறன் எண்டாலே தொழிலாளிக்குப் பயம். ஆளைக் குறைக்கப் போறாங்கள், இல்லாட்டி டாகெட்டைக் கூட்டப் போறாங்கள். அது சும்மா வந்த பயமில்லை, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற அக்காமாரைக் கேளுங்கோ.

ஆனால் அமெரிக்காவில் பிராங் கில்பிரெத் செய்தது வேற. 1885இல், 17 வயதில், மேசன் வேலை பழகப் போனவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. பழக்கினவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிக் கல் வைப்பதைக் கவனித்தார். பிறகு, கல் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிற மாதிரிச் சாரம் அமைத்து, ஒரு கல்லுக்கு 18 அசைவு எண்டு இருந்ததை 5 ஆக்கினார். குனிஞ்சு நிமிர்கிறது போச்சு. வேலையும் கூடியது, முதுகும் தப்பியது.

அதால, மாணவி கொண்டுவாற றிப்போட்டில் எத்தனை நிமிசம் மிச்சம் எண்டு பார்த்தபிறகு, மூட்டை தூக்கிற ஐயாவோட கதைச்சனீங்களோ எண்டும் கேட்கிற வழிகாட்டிதான் எங்களுக்கு வேணும். கன வருசமாக மெஷின் ஓட்டுகிறவரும் வழிகாட்டிதான். அவர் சூமில வரமாட்டார். சைக்கிளை எடுங்கோ.