குளிர்கால டயர் வீண்விரயமா?



நவம்பர் பிறந்துவிட்டால் நமது வீடுகளில் மழையைப் பற்றித்தான் பேச்சு. ஆனால், பிள்ளைகளைக் குளிர் நாடுகளுக்கு அனுப்பியிருக்கும் வீடுகளில் இன்னொரு காலநிலையும் சேர்த்தே விசாரிக்கப்படுகிறது. "பனி கொட்டத் தொடங்கிவிட்டதா? தடித்த ஜக்கெட் இருக்கிறதா? வீட்டு ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா?" என்றெல்லாம் தொலைபேசியில் கேட்கிறோம். கேட்க மறந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. "காருக்கு டயர் மாற்றிவிட்டாயா?" என்பதே அது.

இதைப் பற்றி எழுதக் காரணம், ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி. அவருடைய மகன் தென் ஜேர்மனியில் மலைப்பாங்கான ஓர் ஊரில் வேலை செய்கிறார். "மௌலவி, காரில நல்ல டயர் நாலு இருக்கு. அதைக் கழட்டி வெச்சிட்டு பனிக்கெண்டு வேற நாலு வாங்கணுமாம். இந்த மாசம் காசு குறைச்சுத்தான் அனுப்புவாராம். இது வீண்விரயம் இல்லையா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். தேவையில்லாத இடத்தில் செய்யும் செலவே விரயம். எனவே முதலில் தேவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தால், பனிமலைப் பாதையில் ஓடும் காருக்குக் குளிர்கால டயர், மழைக்காலத்தில் வீட்டுக்குக் கூரை எப்படியோ அப்படித்தான் என்பது விளங்கும்.

நான்கு உள்ளங்கை அளவு

ஒரு கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது வீதியைத் தொடும் இடம் மிகச் சிறியது. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான் நிலத்தில் படிகிறது. ஆயிரத்தைந்நூறு கிலோ பாரமும், அதனுள்ளே இருக்கும் பிள்ளைகுட்டிகளும் நான்கு உள்ளங்கை அளவு இறப்பரை நம்பித்தான் போகிறார்கள்.

பிரேக் நல்லது என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. காரை நிறுத்துவது, டயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள பிடிப்பு. பிடிப்பு இல்லாத இடத்தில் சக்கரம் நின்றுவிடும், கார் நிற்காது. பாசி பிடித்த கிணற்றடியில் கால் வழுக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காய்ந்த தார் வீதியில் ஒரு நல்ல டயருக்கு, காரின் பாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அளவுக்குப் பிடிப்புக் கிடைக்கிறது. ஈரம் கசியும் பனிக்கட்டியின் மீது சாதாரண டயருக்குப் பல வேளைகளில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. பனிக்கட்டியில் காரை நிறுத்த, காய்ந்த வீதியைப் போல் பத்து மடங்கு தூரம் தேவைப்படலாம் என்று பிரித்தானியாவின் வீதி ஒழுங்குக் கையேடு எச்சரிக்கிறது.

மலை என்றால் என்ன ஆகும்?

சமதரையில் வழுக்கினால் கார் ஓர் ஓரத்தில் போய் முட்டி நிற்கும். மலையில் நிலைமை வேறு. 100 மீற்றருக்கு 10 மீற்றர் உயரும் ஓர் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டுப் பாதைகளில் இது சாதாரணமான சரிவு. அந்தச் சரிவில் 1500 கிலோ காரை ஏறத்தாழ 150 கிலோ பாரம் எந்நேரமும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. பனிக்கட்டி கொடுக்கும் பிடிப்போ காரின் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியானால், நான்கு சக்கரத்தையும் பிரேக் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கார் கீழே சறுக்கும். மலைச்சரிவில் நிறுத்தி வைத்த கார், ஆளே இல்லாமல் தானாக இறங்கிப்போவது இதனால்தான்.

எனவேதான் ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்தானது. ஏற முடியாத கார் பெரும்பாலும் ஏறாமல் நின்றுவிடும். இறங்கத் தொடங்கிய கார் நிற்பதற்குப் பிடிப்பு வேண்டும். "என்னுடையது நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப், எனக்குப் பயமில்லை" என்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை மேலே ஏற உதவும். ஆனால் எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிறுத்தும் விடயத்தில் அந்த ஜீப்புக்கு எந்த மேலதிக சலுகையும் கிடையாது.

இன்னொரு விடயம். கடும் குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, பூச்சியம் பாகையை அண்டிய பனிக்கட்டியே அதிகம் வழுக்கும். அதன் மேல் மெல்லிய நீர்ப் படலம் இருப்பதே காரணம். "இன்று அவ்வளவு குளிரில்லை" என்று புறப்படும் நாள்தான் ஏமாற்றும் நாள். பாலங்களின் அடியிலும் காற்றுப் புகுவதால் அவை வீதிக்கு முன்பே உறைந்துவிடும். வெயில் படாத வளைவுகளில், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் பனி கிடக்கும். அது கண்ணாடி போல மெல்லியதாகத் தாரின் கறுப்பு நிறத்திலேயே தெரிவதால் அதைக் கறுப்புப் பனி என்கிறார்கள். பார்த்தால் ஈரத்தரை போல இருக்கும்.

டயரில் அப்படி என்ன வித்தியாசம்?

தேங்காயெண்ணெய்ப் போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும், எண்ணெய் உறைந்து வெளியே வராது. சாதாரண டயரின் இறப்பர் குளிரில் அப்படி உறைவதில்லை, ஆனால் விறைத்துப்போகிறது. ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கும்போது அதன் மென்மை குறையத் தொடங்கும். விறைத்த இறப்பர் வீதியின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்காது.

குளிர்கால டயரின் இறப்பர்க் கலவை, குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்படுகிறது. அதில் மரத்திலிருந்து பெறும் இயற்கை இறப்பரின் பங்கு பொதுவாகக் கூடுதல். கேகாலையிலும் களுத்துறையிலும் பால் வெட்டுவதும் அந்த இறப்பர் மரத்தில்தான். அடுத்ததாக, டயரின் மேற்பரப்பில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான நுண்ணிய வெட்டுகள் இருக்கும். டயர் உருளும்போது இவை விரிந்து, அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. ஆழமான பள்ளங்களில் பனி நிரம்பி, அந்தப் பனி வீதியிலுள்ள பனியோடு ஒட்டிக்கொள்கிறது. இறுகிய பனி மூடிய வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தால், குளிர்கால டயர் பூட்டிய கார் பல கார் நீளம் முன்னதாகவே நின்றுவிடும். பாதையைக் கடக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த இடைவெளியே உயிர்.

இது புதிய நாகரிகமும் அல்ல. பின்லாந்தில் லொறிகளுக்கென 1934 இலும், கார்களுக்கென 1936 இலும் குளிர்கால டயர் செய்யப்பட்டுவிட்டது. பனியோடு பிறந்து வளர்ந்த அந்த மக்களே, சாதாரண டயரோடு பனியில் இறங்க அஞ்சுகிறார்கள்.

அதேவேளை இதை மந்திரப் பொருள் என்று எண்ணிவிடவும் கூடாது. தனிப் பனிக்கட்டியின் மேல் எந்த இறப்பரும் திணறும். சுவீடன், நோர்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் அதற்காகச் சிறிய உலோக ஆணிகள் பதித்த டயர்களைப் பாவிக்கிறார்கள். ஜேர்மனியில் அவற்றுக்குப் பொதுவாக அனுமதியில்லை. செங்குத்தான மலைப்பாதைகளில் சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டிக்கொள்வார்கள். வீதிக்கு உப்புத் தூவியிருக்கிறார்களே என்று இருப்பதும் போதாது. குளிர் கடுமையாகும்போது, ஏறத்தாழ மைனஸ் 8 பாகைக்குக் கீழே, உப்பின் வேலை மிகவும் குறைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜேர்மனியில் பனியோ உறைபனியோ உள்ள வீதியில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டுவது குற்றம். இது 2010 இல் தெளிவான சட்டமாக வந்தது. பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ தண்டப்பணமும், சாரதியின் பதிவில் ஒரு புள்ளியும் விழும். விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணத்திலும் கை வைக்கப்படலாம். ஒக்டோபர் முதல் ஈஸ்டர் வரை மாற்றி வைத்துக்கொள்வது அங்குள்ளவர்களின் வழக்கம். ஒஸ்ட்ரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரையான காலத்துக்கு இத்தகைய சட்டம் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் இது கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் குளிர்கால டயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி உண்டு. கேட்காமல் விட்டால் அந்தக் கழிவும் நமக்கே நட்டம்.

பிரித்தானியாவில் கட்டாயமில்லை. சுவிட்சர்லாந்திலும் நேரடியான கட்டாயம் இல்லை; ஆயினும் பொருத்தமற்ற டயரோடு விபத்தில் சிக்கினால் பொறுப்புச் சாரதியின் தலையில் விழலாம். சட்டம் கேட்கவில்லை என்பதற்காக ஷெஃபீல்டிலும் எடின்பரோவிலும் மேடுகள் சமமாகிவிடுவதில்லை. இலண்டன் போன்ற குளிர் குறைந்த இடங்களில், எல்லாப் பருவத்துக்கும் உரிய டயர் போதுமானதாக இருக்கலாம். மலைப்பகுதியில் இருப்பவர்கள் குளிர்காலத்துக்கே உரியதை வாங்குவது நல்லது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் ஓர் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். மூன்று சிகரங்கள் கொண்ட மலையும், அதற்குள்ளே ஒரு பனித்துகளும் வரையப்பட்டிருக்கும். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அந்தப் படம் கிடைக்கும். 'எம்' 'எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது அத்தகைய சோதனைக்கு உத்தரவாதமல்ல. 2024 ஒக்டோபர் முதல் ஜேர்மனியில் அந்த எழுத்துகள் மட்டும் உள்ள டயர் குளிர்கால டயராக ஏற்கப்படுவதில்லை. பழைய டயரை மலிவாக வாங்குபவர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் கவனிக்க வேண்டும். 3523 என்றிருந்தால், 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீற்றர் இருந்தால் பல நாடுகளில் சட்டத்துக்குப் போதும். பனிக்கு 4 மில்லிமீற்றராவது வேண்டும்.

இனிச் செலவுக் கணக்கு

இரண்டு டயர் மட்டும் மாற்றிச் செலவைப் பாதியாக்கலாமே என்று நினைக்கத் தோன்றும். அது கூடாது. முன் சக்கரம் பிடித்து, பின் சக்கரம் வழுக்கினால் இறக்கத்தில் கார் பம்பரம் போலச் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாகவே இருக்க வேண்டும்.

நான்கு டயரும் பூட்டுக் கூலியும் சேர்த்தால் சில நூறு யூரோ ஆகும். உண்மைதான், சிறிய தொகையல்ல. ஆனால் குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் மற்ற டயர் தேயாமல் ஓய்வெடுக்கிறது. கோடையில் இது ஓய்வெடுக்கிறது. இரண்டு சோடிச் செருப்பை மாறி மாறிப் போட்டால் இரண்டும் நீண்ட காலம் உழைப்பதில்லையா? அதே கணக்குத்தான். ஒரு தடவை வாங்கினால் சில குளிர்காலங்களுக்கு அந்தச் செலவு திரும்ப வராது.

சகோதரிகளே, இங்கே நம் பக்கத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை எதில் மிச்சம் பிடிக்கிறான் என்பது நமக்குத் தெரிவதில்லை. வீட்டுக்கு மேல்மாடி, தங்கையின் கல்யாணம், பெருநாள் உடுப்பு என்று நாம் பட்டியல் அனுப்பும்போது, அவன் தன் பட்டியலில் ஒன்றை வெட்டுகிறான். முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத செலவு. டயர் அப்படிப்பட்டது. புது டயரைப் படம் பிடித்து யாரும் ஊருக்கு அனுப்புவதில்லை. "இம்மாதம் எங்களுக்குக் குறைத்து அனுப்பு மகன், முதலில் டயரை மாற்று" என்று உம்மாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால், அவன் மனதிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கும். மகள் அங்கே கார் ஓட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவளானால், மருமகனிடமும் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். நாம் துஆச் செய்கிறோம். துஆவும் வேண்டும், டயரும் வேண்டும்.

ஓட்டுபவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஏற்றத்தில் முன்னே போகும் கார் உச்சியை அடையும் வரை அடிவாரத்தில் காத்திருங்கள். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம். கையால் கியர் மாற்றும் காரானால் இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். சக்கரம் சும்மா சுழன்றால் எக்ஸலரேட்டரை அழுத்தாமல் தளர்த்துங்கள். இறக்கத்தில், உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, குறைந்த கியரில் இறங்குங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிக்காமல், நேரான இடத்திலேயே மெல்லப் பிடியுங்கள். அவசரத்தில் பிரேக்கை அழுத்தும்போது பெடல் காலுக்குக் கீழே அதிர்ந்தால் பயந்து காலை எடுக்க வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி வேலை செய்கிறது என்பதே அதன் பொருள்.

காரில் ஒரு போர்வை, டோர்ச், தண்ணீர், சிறிய மண்வெட்டி எப்போதும் இருக்கட்டும். பனியில் சிக்கிக்கொண்டு ஹீட்டருக்காக இயந்திரத்தை ஓடவிட்டால், முதலில் இறங்கிப் புகைக்குழாயை மூடிய பனியை அகற்றுங்கள். இல்லாவிட்டால் மணமில்லாத நச்சுப் புகை காருக்குள் புகுந்து, உறங்குபவர்களை எழாமலே ஆக்கிவிடும். வீதி கண்ணாடி போல் இருக்கும் காலையில், வேலையிடத்துக்கு அறிவித்துவிட்டு வீட்டிலேயே இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த முறை அழைப்பு வரும்போது சுகம் விசாரித்தபின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். டயர் மாற்றியாயிற்றா? நான்கும் மாற்றினாயா? அதில் மலையும் பனித்துகளும் கொண்ட படம் இருக்கிறதா? மூன்றுக்கும் "ஓம் உம்மா" என்று பதில் வந்தால், அந்த மாதம் பணம் சற்றுக் குறைந்து வந்ததற்காகச் சந்தோசப்படுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.