‘சர்வர் இல்லை’ என்பது பதிலா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிற கீழ்பென்னாத்தூர் ஒரு வட்டத் தலைநகர். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று எது வேண்டுமானாலும் சுற்றுக் கிராமத்தார் வந்து சேர வேண்டிய ஊர். இந்த வேலைகள் எல்லாம் இப்போது இணையம் வழியாகத்தான் நடக்கின்றன. இணைப்பு நின்றுபோனால், இங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தக் கவுன்ட்டரிலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: “சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க.” மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த ஒரு வரியின் விலை இரண்டு நாள் கூலி. ஆனால் அது சோதித்துச் சொன்ன தகவலா, வாய்க்கு வந்த ஊகமா என்று யாரும் கேட்பதில்லை. இணைப்பு எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்துச் சொல்வதும் அதை எழுதி வைப்பதும் அலுவலகத்தின் கடமையாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கரண்ட் போனால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறோம். அங்கே விளக்கு எரிந்தால் நம் வீட்டு ஃபியூஸைப் பார்க்கிறோம். தெருவே இருண்டிருந்தால்தான் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்வார். கணினி இணைப்புக்கும் அதே முறைதான்; எட்டிப் பார்க்க உதவும் கருவியின் பெயர் ‘பிங்’. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிகளைத் தேட ஒலி அனுப்பி எதிரொலி கேட்பதுபோல, ஒரு கணினி இன்னொன்றுக்குக் குரல் கொடுத்து, பதில் வருகிறதா, எத்தனை மில்லி விநாடியில் வருகிறது என்று பார்க்கிறது. எல்லாக் கணினியிலும் இலவசமாக இருக்கிறது. முதலில் அதே அறையில் அதே ஸ்விட்ச்சில் மாட்டியிருக்கும் பிரின்டரைக் கூப்பிட வேண்டும். அடுத்து அலுவலக ரூட்டர். அடுத்து மாவட்டத் தலைநகரில் உள்ள கருவி. கடைசியில் சென்னை சர்வர். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அதை ஒட்டித்தான் பழுது. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

முதல் படியிலேயே நின்றுவிடும் பழுதுகள் கொஞ்சமல்ல. துடைப்பம் பட்டுக் கழன்ற கேபிள், யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து அணைந்துபோன ஸ்விட்ச், இரண்டு கணினிகளுக்கு ஒரே ஐபி முகவரி, நூறு மீட்டர் வரம்பைத் தாண்டி இழுத்த செப்புக் கம்பி என்று பட்டியல் நீளும். சும்மா தொங்குகிறதே என்று ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டால், ஒரே தகவல் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி அலுவலகம் முழுவதும் முடங்கும். இந்தச் சுழலைத் தடுக்கும் முறையைக் கணினி வல்லுநர் ரேடியா பெர்ல்மன் 1985-லேயே வகுத்துவிட்டார். மலிவான பல ஸ்விட்ச்சுகளில் அது இருப்பதில்லை. பெரிய இடங்களும் தப்பவில்லை. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் இப்படிப்பட்ட சுழலால் நெட்வொர்க் பல நாட்கள் தடுமாறி, மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. பழுது சர்வரில் இல்லை; வழியில் இருந்தது.

பிங்கை மட்டும் நம்பலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் அனுப்பும் பிங் வழக்கமாக 32 பைட் தகவலைத்தான் சுமக்கிறது. உண்மையான விண்ணப்பமோ 1,500 பைட் வரையிலான பொதிகளாகப் போகிறது. ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்ய, மறுமுனை மாற்றி மாற்றித்தான் செய்யும் என்று அமைந்துவிட்டால், சின்ன பிங் ஒழுங்காகப் போய்வரும். ஸ்கேன் செய்த ஆவணம் பாதியில் நிற்கும். பிங்குக்குப் பதில் சொல்லக் கூடாது என்று பூட்டப்பட்ட கணினி நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கவும் கூடும். எனவே பிங் தீர்ப்பு சொல்லாது. எந்தத் திசையில் தேடலாம் என்று காட்டும். நாடி பார்ப்பதோடு வைத்தியம் முடிவதில்லை என்பதற்காக நாடியே பார்க்காமல் மருந்து எழுதுவாரா வைத்தியர்? பாதுகாப்புக்காகத்தான் பிங்கை அடைக்கிறோம் என்பவர்களுக்கும் வழி உண்டு: வெளியாருக்கு அடைத்து, உள் அலுவலகக் கணினிகளுக்கு மட்டும் திறந்துவைக்கலாம்.

கவுன்ட்டரில் இருப்பவர் பொறியாளர் இல்லையே என்பது அடுத்த தடை. அவரைப் பொறியாளராக்கச் சொல்லவில்லை. நான்கு படிகளின் முகவரிகளையும் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற படத்தையும் ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினால் போதும். ரேஷன் கடையில் விரல் ரேகைக் கருவியையே பழகிக்கொண்ட ஊழியர்களுக்கு இது பாரமாகாது. ஏற்கெனவே ஆள் பற்றாத அலுவலகத்தில் இன்னொரு வேலையா என்ற முணுமுணுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் கூட்டத்தைச் சமாளிப்பதும் வேலைதான். பழுது நீக்க வருபவருக்கு “இரண்டாம் படியில் நிற்கிறது” என்று சொல்ல முடிந்தால் அவரும் நேரே அங்கே போவார்.

கண்ணாடி இழைக் கேபிள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் வலுவானது. 2011-ல் ஒப்புதல் பெற்ற தேசியத் திட்டம் பாரத்நெட் என்று பெயர் மாறி, 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்தி அமைக்கப்பட்டது. ஓரிடத்தில் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றிப் போகும்படி வளைய வடிவில் கேபிள் அமைப்பது அதன் முக்கிய மாற்றம். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட்டுக்கு. வரவேற்க வேண்டிய முதலீடு. ஆனால் ஊராட்சி வாசல் வரை ஆயிரம் மெகாபிட் வந்தாலும், வாசலிலிருந்து மேசை வரையிலான பத்து மீட்டரை யாரும் கவனிக்காவிட்டால் கிராமத்தாருக்குக் கிடைப்பது அதே ‘நாளைக்கு வாங்க’தான். ஏரி நிரம்பியிருந்தும் மதகு அடைபட்டால் வயல் காய்கிறது. ஆகவே இணைப்பு இருந்ததா என்பதைக் கேபிள் முனையில் அளக்காமல் கவுன்ட்டரில் அளக்க வேண்டும்.

அளந்ததை எழுதியும் வைக்க வேண்டும்: நின்ற நேரம், நின்ற படி, திரும்பிய நேரம் என்று மூன்றே கட்டங்கள் கொண்ட ஒரு பதிவேடு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் அலுவலகத்திடம் இருக்கும் தகவலைத்தான் கேட்டுப் பெற முடியும். எழுதப்படாத பழுது, கோப்பின் கண்ணுக்கு நடக்காத பழுது. பதிவேடு இருந்தால், ஒரே ஸ்விட்ச் மாதத்தில் ஆறு முறை அணைந்தது என்று வட்டாட்சியர் மேலிடத்துக்குக் காட்டிப் புது பேட்டரி கேட்கலாம். அன்று வந்து திரும்பியவருக்கு மறுநாள் முதல் டோக்கன் கொடுக்கவும் ஆதாரம் இருக்கும். “சர்வர் இல்லை” என்பதற்குப் பதிலாக “நம்ம ரூட்டர் வரைக்கும் சரியா இருக்கு, மாவட்ட லைன்ல நிக்குது, பத்தேகாலுக்குப் புகார் கொடுத்தாச்சு” என்று சொல்லக் கேட்டால், காத்திருப்பதா பஸ் ஏறுவதா என்பதையாவது அவர் தானே முடிவு செய்துகொள்வார்.