விலை கேட்கப்பட்ட பெயர்

சென்ற தவணை விடுமுறையில் எமது பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். இப்பொழுது கொழும்பிலே கணக்காளராக இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து தமக்கு வந்த மின்னஞ்சல் ஒன்றையும், அதற்குத் தாம் எழுதிய மறுமொழியையும் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். "சேர், இதை இன்றிரவு அனுப்பப் போகிறேன். ஆங்கிலத்திலே பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்" என்றார். ஆங்கிலத்திலே பிழை இல்லை. ஆயின், அம்மறுமொழியை அனுப்பியிருந்தாரேல் தம் கைப்பொருளைத் தாமே இழந்திருத்தல் கூடும். அதில் அப்படி என்ன இருந்தது என்பதையே இவ்வாரம் எழுத எண்ணினோம். எமது வாசகர் சிலர் வீட்டிலும் இத்தகைய பொருள் ஒன்று கிடக்கக்கூடும். பிள்ளைகளில் யாரேனும் ஒருவர் என்றோ பதிந்து வைத்திருப்பார்.

பொருள் என்பது ஒரு பெயர். இணையத்தளத்தின் முகவரியாக நிற்கும் ஆள்களப் பெயர். மாணவரின் குடும்பத்தாருக்கு யாழ்ப்பாண நகரிலே பித்தளைப் பாத்திரக் கடை ஒன்று இருந்தது. கடைக்கு அவருடைய அப்பாச்சியின் பெயர். ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்ட 2002ஆம் ஆண்டிலே, கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர், கடைக்கும் ஓர் இணையத்தளம் வேண்டும் என்று கூறி, அப்பெயரை டொட் கொம் என்னும் ஈற்றோடு பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். கடை 2016இல் மூடப்பட்டது. தளமும் வெறிதாயிற்று. பெயருக்கு மாத்திரம் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வந்தார்கள்.

அப்பெயரின் அதே எழுத்துக்களை, 2011இல் அமெரிக்காவிலே தொடங்கிய கம்பனி ஒன்று தன் வியாபாரக் குறியாக வைத்திருக்கிறது. முகப்பூச்சும் சவர்க்காரமும் விற்கும் கம்பனி. (பெயரை இங்கே எழுதோம், எழுதினால் பேரத்துள் நாமும் புகுந்தவராவோம்.) "இப்பெயர் விற்பனைக்கு உண்டா?" என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. எமது மாணவர் எழுதிய மறுமொழி இரண்டே வசனம். ஐம்பதினாயிரம் டொலர் தந்தால் பெயரைத் தருவேன். தராவிடின் உங்களோடு போட்டியிடும் கம்பனிக்கு விற்பேன்.

"ஐம்பதினாயிரம் என்று எப்படிக் கணக்கிட்டீர், தம்பி?" என்று கேட்டோம்.

"அவர்களுடைய ஆண்டு வருமானத்தைப் பார்த்தேன், சேர். அவர்களுக்கு இது ஒரு காசா?" என்றார். கடை மூடிய நாளிலிருந்து தகப்பனார் தீர்க்க முடியாத கடன் ஒன்று உண்டு என்பதை நாமும் அறிவோம். ஆகவே அவருடைய அவசரம் எமக்கு விளங்கிற்று.

வாங்குபவனுடைய செல்வத்தைக் கொண்டு பொருளுக்கு விலை மதித்தல் சந்தையில் எவர்க்கும் இயல்பே. மாம்பழக்காரி கூட மோட்டார் வண்டியில் வந்திறங்குவோனுக்கு ஒரு விலை சொல்வாள். அவளை யாரும் நியாயத்தலத்துக்கு அழைப்பதில்லை. ஆள்களப் பெயர் அத்தகைய மாம்பழமன்று. அது முற்றாக நமக்குச் சொந்தமானதும் அன்று. குத்தகைக் காணி போன்றது. டொட் கொம் பெயரை ஒரு முறையில் பத்து ஆண்டுக்கு மேற்படப் பதிய இயலாது. பதியும்போதே சில நிபந்தனைகளுக்கு நாம் இணங்குகிறோம். அந்நிபந்தனைகளைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

அவற்றுள் ஒன்று, இப்பெயர்களை ஒழுங்குசெய்யும் ஐகான் என்னும் நிறுவனம் 1999இல் வகுத்த பிணக்குத் தீர்க்கும் முறை. வியாபாரக் குறியை உடையவன் மூன்று விடயங்களை நிறுவினால் பெயர் அவன் கைக்கு மாற்றப்படும். பெயர் தன் குறியோடு ஒத்தது அல்லது மயங்கத்தக்கது என்பது முதலாவது. வைத்திருப்பவனுக்கு அப்பெயரில் நேர்மையான உரித்து எதுவும் இல்லை என்பது இரண்டாவது. அவன் அதைத் தீய நோக்கோடு பதிந்தும், தீய நோக்கோடு பயன்படுத்தியும் வருகிறான் என்பது மூன்றாவது. தீய நோக்கு என்பது மனத்தின் உள்ளே கிடப்பது. அதை எவ்வாறு காண்பது? அதற்கும் அவ்விதியே சில அடையாளங்களைக் கூறுகிறது. குறியின் உரிமையாளனுக்கோ அவனுடைய போட்டியாளனுக்கோ, பதிவுச் செலவுக்கு மேற்பட்ட தொகைக்கு விற்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு பதிந்திருத்தல் அவற்றுள் தலையாயது. எமது மாணவர் அந்த அடையாளத்தை ஏறக்குறைய அதே சொற்களில் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தார்!

மைக் ரோ என்னும் கனேடிய மாணவனின் கதையை அவருக்குச் சொன்னோம். பதினேழு வயது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே படித்துக்கொண்டிருந்தவன். 2003இல் தன் பெயரோடு 'சொப்ட்' என்ற சொல்லை விளையாட்டாகச் சேர்த்து, தன் சிறு தொழிலுக்கு ஒரு பெயர் பதிந்தான். மைக்-ரோ-சொப்ட் என்று வாயால் சொல்லிப் பாருங்கள், விளையாட்டு விளங்கும். மைக்ரோசொப்ட் கம்பனியின் வழக்கறிஞர்கள் பெயரைக் கேட்டு எழுதினார்கள். பத்து டொலர் தருவதாகவும் சொன்னார்கள். பத்து டொலர் என்பது அவன் பதிவுக்குச் செலவிட்டதற்கு ஈடு. பையனுக்கு ரோசம் வந்தது. பத்தாயிரம் டொலர் தாருங்கள் என்று எழுதினான். 2004 ஜனவரியில் இருபத்தைந்து பக்கக் கடிதம் ஒன்று வந்தது. அவன் கேட்ட பத்தாயிரமே அவனுடைய தீய நோக்குக்குச் சான்று என்று அதிலே காட்டப்பட்டிருந்தது. பத்திரிகைகள் பையன் பக்கம் நின்றமையால் கம்பனி இறங்கி வந்து சமாதானமாயிற்று. அவனுக்கு விளையாட்டு இயந்திரம் ஒன்றும், தொழிற்பயிற்சியும், கம்பனியைப் பார்த்துவரும் பயணமும் கிடைத்தன. பெயர் கம்பனிக்குப் போயிற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்திரிகைகள் துணைவரா என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

"அவன் விற்கப் பதியவில்லையே, சேர்!" என்றார் மாணவர். ஆம், அதுதான் இரங்கத்தக்கது. விற்கவே பதிந்தவர்களும் இருந்தனர். டெனிஸ் டோப்பன் என்பவர் 1995 அளவில் பிறருடைய புகழ்பெற்ற பெயர்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தம் பெயரிற் பதிந்துகொண்டார். திரைப்படக் கமராக்களுக்குப் பெயர்போன பனவிஷன் அவற்றில் ஒன்று. அந்தத் தளத்திலே பனா என்னும் சிற்றூரின் படங்களைப் போட்டுவைத்துக்கொண்டு, பெயரை விடுவதற்குப் பதின்மூவாயிரம் டொலர் கேட்டார். 1998இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு மாறாகத் தீர்த்தது. இத்தகையோரை மறிக்கக் கட்டிய வேலியிலேதான் மைக் ரோ போன்ற பிள்ளைகளின் சட்டையும் மாட்டிக்கொள்கிறது.

எமது மாணவரின் நிலை இவ்விருவரிலும் மேலானது. பெயர் 2002இல் பதியப்பட்டது. கம்பனி 2011இல் பிறந்தது. பிறவாத கம்பனியைக் குறிவைத்து எவரும் பெயர் பதிய முடியாது. நடுவர்கள் பெரும்பாலும் இந்நியாயத்தை ஏற்பர். ஆண்டுதோறும் புதுப்பித்தலையும் அவர்கள் புதிய பதிவாகக் கொள்வதில்லை. இவ்வளவும் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. பின்னர் அவர் சொன்ன ஒன்றைக் கேட்டு எமது முகம் வாடிற்று. 2015 வரை பெயர் சித்தப்பாவின் கணக்கில் இருந்ததாம். அதன் பிறகே இவருடைய பெயருக்கு மாற்றப்பட்டதாம்.

இங்கே வாசகர் சற்று நிதானிக்க வேண்டும். ஒருவர் கையிலிருந்து வேறொருவர் கைக்குப் பெயர் மாறினால், மாறிய நாளையே புதிய பதிவு நாளாக நடுவர்கள் கொள்வது வழக்கம். அப்படியாயின் 2002 மறைந்து 2015 நிற்கும்; கம்பனி மூத்ததாகிவிடும். ஆனால் குடும்பத்துள்ளே, ஒரே கடையின் பொருட்டு, இடையறாமல் கைமாறி வந்தது என்று தக்க சான்றோடு காட்டினால், அது பெயரளவிலான மாற்றமே என்று கொள்ளவும் அவர்கள் இணங்குவதுண்டு. ஆகவே அன்றிரவு செய்யவேண்டிய வேலை மறுமொழி எழுதுதல் அன்று; பழைய கடதாசி தேடுதல். கடைப் பற்றுச்சீட்டு, பெயர்ப்பலகையின் படம், 2002இன் பதிவுக் கட்டண மின்னஞ்சல், தளத்தின் பழைய பக்கங்கள். மறைந்துபோன பக்கங்களின் பிரதிகள் சில, இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபாக் மெஷின்' என்னும் சேமிப்பிலே அகப்படும்.

விலையைப் பற்றியும் இதிலிருந்தே ஓர் உண்மை பிறக்கிறது. பெயரின் வயது விற்பவனுக்குக் கவசம். வாங்குபவனுக்கு அது போய்ச் சேராது. அக்கம்பனியை விட்டு வேறெவனாவது இதை நாளை வாங்கினால், அவனுடைய பதிவு நாள் நாளையே. அவன் கம்பனியின் குறியை அறிந்தே வாங்கியவன் ஆவான். முகப்பூச்சு விற்க முனைந்தால் அகப்பட்டுக்கொள்வான். ஆதலின், போட்டியாளனுக்கு விற்பேன் என்ற பயமுறுத்தல் தீங்கானது மாத்திரமன்று, வெறுமையானதுங்கூட.

அப்படியானால் பெயரின் உண்மை மதிப்பு என்ன? குரல் என்று பொருள்படும் 'வொய்ஸ்' டொட் கொம் 2019இல் மூன்று கோடி டொலருக்கு விற்கப்பட்டது. அது அகராதிச் சொல். எத்தொழில் செய்வோனும் விரும்பலாம். வாங்குவோர் பலராக இருக்கும் பெயருக்கே சந்தை விலை என ஒன்று உண்டு. வாங்குவோன் ஒருவனே எனின், அவனுடைய மாற்று வழிகளே விலைக்கு எல்லை. பெயருக்குப் பின்னே ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வான். வேறு ஈற்றைக் கொள்வான். ஜெனீவாவிலுள்ள உலகப் புலமைச் சொத்து நிறுவனத்திடம் ஒரு நடுவரைக் கொண்டு முறையிடுவதற்குக் கட்டணம் 1,500 டொலர். வழக்கறிஞர் கூலி வேறு. இக்கூட்டுத் தொகையை எந்தக் கம்பனியும் மனத்திலே போட்டுப் பார்த்த பின்னரே கடிதம் எழுதும்.

அப்பாச்சியின் பெயர் ஆறெழுத்துப் பெண் பெயர், இந்தியாவிலும் வழங்குவது. ஆகவே வாங்கக்கூடியவர் வேறு சிலரும் உண்டு. அத்தகைய பெயர்கள் விலைபோன பதிவுகளை இருவரும் இருந்து பார்த்தோம். பெரும்பாலானவை சில ஆயிரம் டொலருக்குள் நின்றன. அப்பட்டியல்களில் விற்கப்பட்டவையே இருக்கும். விற்காமற் கிடப்பவற்றை யார் எழுதுகிறார்? பெயரைத் தட்டியவுடன் விலை காட்டும் இயந்திரக் கணிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. "முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்குங்கள், பிறகு வாங்குகிறோம்" என்று எழுதும் வாங்குவோர் பெரும்பாலும் அச்சான்றிதழ்க் காசைப் பறிக்க வந்தவரே என்பதையும் இடையிலே சொல்லிவைக்கிறோம்.

பேச்சினிடையே வெறும் தளத்தைத் திறந்து பார்த்தோம். வெறுமையாக இல்லை! பதிவுக் கம்பனி தானாகவே அதில் விளம்பரங்களை இட்டிருந்தது. அவற்றுள் மூன்று முகப்பூச்சு விளம்பரங்கள். மாணவர் திடுக்கிட்டார். எமக்கு உசி நிசான் நினைவுக்கு வந்தார்.

எருசலேமிலே பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர் அவர். நிசான் அவருடைய குடும்பப் பெயர். தம் கணினிக் கடைக்காக 1994இல் நிசான் டொட் கொம்மைப் பதிந்தார். ஜப்பானியக் கார்க் கம்பனி 1995இல் ஒரு கடிதம் எழுதிவிட்டு அமைதியாக இருந்தது. 1999இல் பெயரை வாங்கப் பேசிற்று, பேச்சு முறிந்தது, டிசம்பரில் ஒரு கோடி டொலர் கேட்டு வழக்கிட்டது. பிறந்த பெயரை வைத்தவன்மீது என்ன குற்றம் காண்பது? அவருடைய தளத்திலே 1999இல் கார் சம்பந்தமான விளம்பரங்கள் தோன்றியிருந்தன. அந்த இடத்தைத்தான் நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2004இல், கார் விளம்பரத்தின் அளவில் குறி மீறல் உண்டு என்றே தீர்த்தது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் வழக்காடி அவர் பெயரைக் காத்துக்கொண்டார். அதற்குப் பல இலட்சம் டொலர் கரைந்தது. 2020இல் கொரோனாத் தொற்றினால் அவர் காலமாகும்வரை பெயர் அவரிடமே இருந்தது. விலைமதிக்க முடியாத பெயர் என்று அதைச் சொல்லலாம். அவர் கைக்கு வந்த இலாபம் எதுவும் இல்லை.

அமெரிக்காவிலே 1999இன் சட்டத்தின்படி, தீய நோக்கோடு பதிதல், வியாபாரம் செய்தல், பயன்படுத்தல் என்னும் மூன்றில் ஒன்று அமைந்தாலே வழக்கிடலாம். ஒரு பெயருக்கு ஓரிலட்சம் டொலர் வரை நட்டஈடு விதிக்கவும் இடமுண்டு. எனவே அன்றிரவே விளம்பரங்கள் நீக்கப்பட்டன. கடையின் பழைய படம் ஒன்றும், இரண்டு வரி வரலாறும் தளத்தில் ஏறின.

மறுமொழியை நாம் இருவருமாகத் திருத்தி எழுதினோம். இப்பெயர் எமது குடும்பக் கடையின் பெயர். 2002 தொடக்கம் எம்மிடம் உண்டு. விற்கும் எண்ணத்தோடு நாம் பதியவில்லை. நீங்கள் கருதும் தொகை ஏதும் இருப்பின் அறியத் தரலாம். தொகையை நாம் எழுதவில்லை. போட்டியாளன் பேச்சும் இல்லை. கேட்டவர்க்குச் சொல்லும் விடையைத் தானாக வலிந்து விலைகூறலோடு ஒன்றாக நடுவர் எண்ணுவதில்லை. பேரம் முற்றினால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமற் கையொப்பம் இடவேண்டாம் என்றும், இரு திறத்தாருக்கும் பொதுவான மூன்றாம் கையில் பணம் கட்டப்பட்ட பின்னரே பெயரைக் கைவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினோம்.

பதினொரு நாள் கழித்து மறுமொழி வந்தது. நாலாயிரம் டொலர் தருவார்களாம். எமது மதிப்பில் அது குறைவு. இன்னும் கொஞ்சம் ஏறும் என்று நினைக்கிறோம். சித்தப்பா ஸ்காபரோவிலே பெட்டியைக் கிளறி 2002இன் பற்றுச்சீட்டையும், பெயர்ப்பலகையின் கீழே அப்பாச்சி நிற்கும் படத்தையும் கண்டெடுத்து அனுப்பியிருக்கிறார். அப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து தகப்பனார், "கடனை நான் எப்படியாவது கட்டுவேன், அம்மாவின் பெயரை முகப்பூச்சுக்காரனுக்குக் கொடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மாணவர் நேற்று மாலை தொலைபேசியில் அழைத்து, "சேர், நீங்கள் ஒருக்கால் அப்பாவோடு பேசுவீர்களா?" என்று கேட்டார். என்ன பேசுவது என்று நாம் இன்னும் தீர்மானிக்கவில்லை.