ஆளி விதை: தட்டுக்கும் லேபுக்கும்

மக்களே, நம்ம மெஸ் தட்டுல பச்சையா என்ன இருக்கு? கறிவேப்பிலை. அதையும் ஓரமா ஒதுக்கிடுறோம். அப்போ கீரையை நாமளே வளர்க்கலாமே! என் ஓட்டு ஆளி விதைக்கு.

ஒரு எச்சரிக்கை: கடையில ‘ஆளி விதை’ன்னு கேட்டா பெரும்பாலும் ஃப்ளாக்ஸ் தருவாங்க. நமக்கு வேண்டியது ஹலிம், அதாவது கார்டன் கிரெஸ். செம்பழுப்புல சின்னச் சின்ன விதை. கடுகு குடும்பம், அதனால இலையில லேசா காரம் இருக்கும்.

டிபன் பாக்ஸ் மூடியில ஈரத் துணி விரிச்சுத் தூவுங்க. தண்ணி பட்டதும் சப்ஜா மாதிரி வழவழன்னு ஆகும், பயப்படாதீங்க. குடிக்கிற தண்ணியைத் தெளிச்சு ஈரம் காயாம பார்த்துக்கிட்டா, பத்து நாளுக்குள்ள கத்தரிச்சு தயிர் சாதத்துல போடலாம். 100 கிராம் இலையில வைட்டமின் சி சுமார் 69 மில்லிகிராம்.

ஆனா நான் இதைச் சிபாரிசு பண்ண இன்னொரு காரணமும் இருக்கு. மண், உரம், தண்ணியில நச்சு இருக்கான்னு பார்க்க ஆய்வகங்கள்ல முளைக்க விடுற விதைகள்ல இதுவும் ஒண்ணு. ஒரு தட்டுல காய்ச்சி வடித்த நீர், இன்னொண்ணுல உங்க போர் தண்ணி. முளைச்ச எண்ணிக்கையையும் வேர் நீளத்தையும் ஒப்பிடுங்க. வேர் குட்டையா நின்னா விசாரிக்கணும். நல்லா வளர்ந்தா குடிக்கலாம்னு அர்த்தமில்ல. அதுக்கு முழு லேப் டெஸ்ட் வேணும். சோதனைத் தட்டுல வளர்ந்ததைச் சாப்பிடவும் கூடாது.

மறைமலை நகர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் ஆலைகளுக்கு நடுவுல படிக்கிறோம். வேலைக்காக அந்த கேட்டைப் பார்க்கிற நாம, காலுக்குக் கீழ இருக்கிற மண்ணையும் ஒரு தடவை கேட்கலாமே. அடுத்த மினி புராஜெக்ட் இதுவா இருக்கட்டும்!