ஆக்சிஜன் மெஷின் என்றாலே ‘கடைசி ஸ்டேஜ்’ தானா?

மயிலாப்பூரோ அடையாறோ, சிஓபிடி நோயாளியிடம் வீட்டிலேயே ஆக்சிஜன் என்றால் நினைவுக்கு வருவது 2021 மே மாதம்: ஆம்புலன்ஸ் வரிசை, சிலிண்டர் தேடல். ‘அதை வெச்சா அவ்ளோதான்’ என்ற பயம் இன்னும் போகவில்லை.

உண்மை வேறு. ஆக்சிஜன் அளவு 88%-க்குக் கீழேயே நின்றுவிட்டவர்கள் தினமும் 15 மணி நேரமாவது எடுத்துக்கொண்டால் ஆயுள் கூடும் என்பது 1981-லேயே தெரிந்த விஷயம். (லேசான குறைவுக்கு இந்தப் பலன் இல்லை, 2016 அமெரிக்க ஆய்வு சொன்னது.)

அடுத்த பயம் கரண்ட் பில். அது நியாயமானது. 350 வாட் மெஷின் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 315 யூனிட், இலவச அளவைத் தாண்டிவிடும். மெஷினை ஆஃப் செய்து மிச்சம் பிடிக்கும் தாத்தாவைப் பிடிவாதக்காரர் என்று திட்டிப் பயனில்லை. மருந்துச் செலவைப் போல இந்த யூனிட்களையும் அரசு கணக்கில் எடுக்க வேண்டும்.