வரப்பு மரமும் வகுப்பறை மரமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பிள்ளைகளை அனுப்பும் விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு புதுச் செலவு சேர்ந்திருக்கிறது. 'மரம்' என்ற பாடம் வந்தால், ஒரு மரம் செய்து கொண்டு வரும்படி சில பள்ளிகளில் சொல்லி அனுப்புகிறார்கள். அதற்கான சாமான்கள் ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரி கடைவீதிகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பச்சை வண்ணக் காகிதம், தெர்மாகோல், பளபளப்புத் தூள், பசைக் குப்பி, பிளாஸ்டிக் இலை. தகப்பனார் வாங்கி வருகிறார். தாயார் இரவு கண்விழித்து வெட்டி ஒட்டுகிறார். பிள்ளை அதற்குள் தூங்கிவிடுகிறது. மறுநாள் அந்த மரத்துக்குப் பாராட்டும் கிடைத்துவிடுகிறது.

அதே வீட்டு வரப்பில் வேம்பும் பனையும் நிற்கின்றன. வேப்பம்பழம் எந்த மாதத்தில் உதிரும், பனையில் எது ஆண், எது பெண், புளிய இலை அந்தி சாய்ந்தால் என்ன செய்யும் என்று கேட்டால், பாராட்டு வாங்கிய பிள்ளைக்குப் பதில் தெரிவதில்லை. காசும் போய், அறிவும் வராமல் போகிற இந்த ஏற்பாட்டை விவசாயப் பெருமக்கள் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? சிறு பிள்ளைகளின் கைவேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது கடையில் தொடங்காமல் காட்டில் தொடங்க வேண்டும் என்பதே இங்கே வாதம்.

கையால் கற்பது புதிதன்று

எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை காதால் கேட்டதைவிடக் கையால் தொட்டதை நன்றாக நினைவில் வைக்கும். இது நகரத்துக் கல்வி நிபுணர்கள் மட்டும் கண்ட உண்மையன்று. 'கிண்டர்கார்டன்' என்று இன்று ஊருக்கு ஊர் பலகை தொங்குகிறதே, அந்த ஜெர்மன் சொல்லின் பொருள் குழந்தைகளின் தோட்டம் என்பதுதான். அதைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃப்ரோபெல் இளமையில் ஒரு வன அலுவலரிடம் வேலை பழகியவர். 1837-இல் அவர் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் திறந்தார். 1840-இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறு பாத்தி கொடுத்துச் செடி வளர்க்கச் சொன்னார். தோட்டத்திலிருந்து பிறந்த பள்ளிக்குப் போவதற்காகத் தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தை மறக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

நம் மாநிலத்திலும் வழி இல்லாமல் இல்லை. செயல்வழிக் கற்றல் முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு ஆடல், பாடல், கைவேலை ஆகியவற்றோடுதான் எழுத்தையும் கணக்கையும் சொல்லிக்கொடுக்க வந்தது. ஆகவே ஆசிரியர் பிள்ளைகளை வரப்புக்கு அழைத்துச் சென்றால், அது பாடத்தை விட்டு விலகுவது ஆகாது.

மாதத்துக்கு ஒரு மரம்

இந்தச் சமவெளியில் பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு மரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தயாராக இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் நுங்கு. தின்று முடித்த இரண்டு கூந்தலை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளினால் நுங்கு வண்டி. சக்கரம், அச்சு என்ற பாடம் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஆடிக் காற்றுக்குப் பனை ஓலைக் காற்றாடி. இரண்டு ஓலைத் துண்டை மடித்துக் கோத்து, நடுவில் வேலா முள்ளைச் செருகி, சோளத்தட்டில் குத்திக்கொண்டு ஓடினால் அது சுழல்கிறது. ஓலை இரு பக்கமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் சரியாகச் சுழலாது. அளவு என்பது என்ன என்று பிள்ளைக்கு அப்போது புரியும்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம். பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து பொறுக்கி, தோலும் சதையும் கழுவி, நிழலில் உலர்த்தலாம். பத்துப் பத்தாகக் குவித்தால் எண்ணிக்கைப் பாடம். அதில் ஒரு பங்கை உடனே விதைக்க வேண்டும். வேப்பம்விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். உடனே விதைத்ததும் மூன்று மாதம் வைத்திருந்து விதைத்ததும் எப்படி முளைக்கின்றன என்று பிள்ளைகளே பார்க்கட்டும். மீதி விதை வீட்டுக்கு ஆகும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் தண்ணீருக்குச் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல். தெளிக்கும் வேலை பெரியவர்களுடையது. பொறுக்கியது யார் என்ற பெருமை பிள்ளையுடையது.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழுகிறது. கொட்டையை மண்ணில் புதைத்தால் முளை முதலில் மேலே வராது, கீழே இறங்கும். தைப் பொங்கலுக்குத் தோண்டினால் கிழங்கு. நாலு மாதம் பொறுத்திருந்து தன் கையால் கிழங்கெடுத்த பிள்ளைக்கு விதை, முளை, சேமித்த உணவு என்ற மூன்றையும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

பூவரச இலையைச் சுருட்டி ஒரு நுனியை நசுக்கி ஊதினால் பீப்பி. இலையின் மேல் தாளை வைத்து மெழுகு வண்ணக் குச்சியால் தேய்த்தால் நரம்பெல்லாம் பதிந்துவிடும். பூவரசில் நரம்பு வலைபோல் ஓடும். பனை ஓலையில் நேர்கோடாக ஓடும். ஊறவைத்த புளியங்கொட்டை இரண்டு பருப்பாகப் பிரியும். மக்காச்சோளம் அப்படிப் பிரியாது. ஒருவித்திலை, இருவித்திலை என்று பின்னால் பெரிய வகுப்பில் படிக்கப் போவதன் அடிப்படை இதுதான். புளிய இலை இருட்டியபின் மூடிக்கொள்வதையும் விடிந்தபின் விரிவதையும் ஒரு வாரம் பார்த்து எழுதச் சொன்னால் அதுவே நல்ல வீட்டுப்பாடம். அரப்பு மரத்தின் தழையை உலர்த்தி இடித்துத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அந்த இடிப்பும் சலிப்பும் வகுப்பறைக்கு வரலாம்.

பசையும் வாங்க வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கு விளைகிற பூமி இது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளருக்கென்று 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பே பதிவானது. மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் காய்ச்சினால் காகிதமும் இலையும் ஒட்டப் போதுமான பசை. மஞ்சள், கரி, செம்மண், ஆவாரம்பூ இவையே வண்ணம்.

நூல் கட்டிப் பார்க்கும் பாடம் இன்னொன்று உண்டு. ஒரு வேம்பையும் ஒரு பனையையும் பிள்ளையின் தலை உயரத்தில் கயிற்றால் சுற்றி அளந்து, சுண்ணாம்பால் அடையாளம் வைத்து, தேதியோடு எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அளந்தால் வேம்பு பருத்திருக்கும்; பனை அநேகமாக அப்படியே இருக்கும். பனை உயர்ந்து வளருமே தவிர ஆண்டுக்கு ஆண்டு பருக்காது. பிள்ளை வளர்ந்திருக்கும், சுண்ணாம்புக் குறியோ அதே உயரத்தில் இருக்கும். மரம் நுனியில் வளர்கிறது என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை

மரம், செடி என்றால் எல்லாமே விளையாட்டுக்கு ஆகாது. அரளி, பொன்னரளி, ஊமத்தை, காட்டாமணக்கு ஆகியவற்றின் காயும் விதையும் நஞ்சு. எண்ணிப் பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்று குன்றிமணியையும் ஆமணக்கு விதையையும் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் கேடு. மரவள்ளி இலைக்காம்பை ஒடித்து ஒடித்து மாலை செய்வது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. அந்தத் தழையைத் தின்ற ஆடு என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ஆகவே காம்பை வாயில் வைக்காமலும், விளையாடியபின் கை கழுவியும் பழக்க வேண்டும். பனை மட்டையின் கருக்கைப் பெரியவர்கள் சீவிக் கொடுக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் புளியங்கொட்டை போன்ற சிறு விதைகளைக் கொடுத்தால் மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும். விழுங்கினால் மூச்சு அடைக்கவும் கூடும்.

மார்க் குறையுமா?

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் விடுதிப் பள்ளிகளுக்கும் மதிப்பெண்ணுக்கும் பெயர் பெற்றது. ஆடு விற்றும் நகை அடகு வைத்தும் பிள்ளையைப் படிக்க வைக்கிற பெற்றோர், "ஓலை முடையவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்?" என்று கேட்பது நியாயமே. ஆனால் மேலே சொன்ன வேலைகளில் எதில் படிப்பு இல்லை? எண்ணுதல், அளத்தல், ஒப்பிடுதல், எழுதி வைத்தல் எல்லாம் இருக்கின்றன. பின்னாளில் உயிரியல் படிக்கப் போகிற பிள்ளைக்கு இலையும் விதையும் முன்பே பழகியிருந்தால் அது நட்டமாகாது. தாயார் செய்து கொடுத்த தெர்மாகோல் மரத்தில்தான் பிள்ளைக்குப் படிப்பு ஒன்றும் இல்லை.

குலத்தொழில் அச்சம்

இதைவிடக் கனமான ஐயம் ஒன்று உண்டு. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகப் படிப்பு என்பதே அதன் சாரம். ஆனால் 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகும் திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அது கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954-இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கதரும் கிராமத் தொழிலும் வளர்த்தவரும் இதே ராஜாஜிதான். கைத்தொழில்மீது பற்று மட்டும் போதாது என்பதற்கு இந்த வரலாறே சாட்சி.

அந்த எதிர்ப்பு சரியானது. உழவன் பிள்ளை உழவே பழகட்டும், பனையேறி பிள்ளை பனையே ஏறட்டும் என்று சொல்லுகிற எந்த ஏற்பாட்டுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே எல்லை தெளிவாக இருக்க வேண்டும். பள்ளி நேரம் ஒரு மணிகூடக் குறையக் கூடாது. செய்த பொருளை விற்கக் கூடாது. ஓலைக் காற்றாடியை எல்லாப் பிள்ளைகளும் செய்ய வேண்டும். கடைக்காரர் பிள்ளையும், ஆசிரியர் பிள்ளையும், கூலிக்காரர் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். யார் பிள்ளைக்கு எந்த வேலை என்று பிரித்தால்தான் அது குலத்தொழில். எல்லாருக்கும் எல்லாம் என்றால் அது கல்வி.

நட்டுவிட்டு மறக்காமல்

மரம் நடு விழா என்பது 1950 முதல் நாட்டில் நடந்துவருகிறது. பள்ளி மைதானத்தில் நட்ட கன்றுகள் பல, சித்திரை, வைகாசி விடுமுறையில் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோவதை ஊரார் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்கு அது கற்பிக்கும் பாடம், நட்டதை மறந்துவிடலாம் என்பதுதான். அதற்குப் பதிலாக, பள்ளியில் முளைக்கவைத்த கன்றைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய், புரட்டாசி, ஐப்பசி மழையில் தன் வரப்பிலோ களத்து ஓரத்திலோ நடட்டும். ஆடு கடிக்காமல் வேலா முள் வேலி போட அப்பாரு உதவட்டும். வெயில் காலத்தில் வாரம் இரண்டு குடம் ஊற்ற ஆத்தா நினைவூட்டட்டும். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஏரிக்கரையிலோ கோயில் நிலத்திலோ ஊரார் இடம் காட்ட வேண்டும்.

பனைக்கு இது மிகவும் அவசியம். தமிழ்நாட்டின் மாநில மரம் அது. செங்கல் சூளைக்கு வெட்டப்பட்ட பனைகளுக்குக் கணக்கில்லை. 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். ஆனால் பனை பலன் கொடுக்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். ஆணா, பெண்ணா என்பது பாளை விட்டபின்தான் தெரியும். அவ்வளவு காலம் காத்திருக்கக்கூடியவர் ஐந்து வயதில் விதை ஊன்றியவரே. அறிவிப்புகள் விதையைக் கொடுக்கலாம். காத்திருக்கும் மனத்தைப் பள்ளியும் வீடும்தான் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியது

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போய் மூன்று விஷயங்களைக் கேட்கலாம். ஒன்று, கடையில் வாங்கி வரச் சொல்லும் கைவேலை சிறு வகுப்புகளில் வேண்டாம். இரண்டு, மாதம் ஒரு முற்பகல் பிள்ளைகளை ஊர் மரங்களிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மூன்று, மரம் அறிந்த பெரியவர் ஒருவரை அன்றைக்கு வகுப்புக்கு அழைக்க வேண்டும். தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டுகிற பெற்றோருக்கும் தலைமையாசிரியரிடம் இதைக் கேட்க உரிமை உண்டு. 1975 முதல் இயங்கும் அங்கன்வாடித் திட்டத்தின் மையங்களில் வேப்பமர நிழலே போதும்.

விவசாயம் கட்டுப்படியாகவில்லை, பிள்ளையாவது வேறு வேலைக்குப் போகட்டும் என்று நினைக்கும் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை டாக்டராகட்டும், என்ஜினீயராகட்டும், எங்கு வேண்டுமானாலும் போகட்டும். நாளை வரப்பும் அதன் மரங்களும் அந்தப் பிள்ளையின் பெயருக்குத்தான் வரும். அன்று மரத்துக்கு விலை பேச ஒரு வியாபாரி வந்து நிற்பார். நிற்பது என்ன மரம், அது எத்தனை ஆண்டில் அப்படி ஆனது என்று தெரிந்தவர் யோசித்துப் பதில் சொல்வார். தெரியாதவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். அந்தப் பதிலைக் கற்றுக்கொடுக்க வேண்டிய வயது ஐந்தும் ஆறும்தான்.