ரோசலியை யார் முன்னால் விசாரித்தார்கள்?

கறுப்பு வெள்ளைப் படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1961இல் வில்லியம் வைலர் எடுத்த 'தி சில்ட்ரன்ஸ் அவர்' படத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

கேரனும் மார்த்தாவும் (ஓட்ரி ஹெப்பர்ன், ஷேர்லி மெக்லேன்) பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நடத்தும் தோழிகள். தண்டனை பெற்ற ஆத்திரத்தில் மேரி என்ற மாணவி, இருவரும் காதலர்கள் என்று பாட்டியின் காதில் ஓதுகிறாள். பாட்டி தொலைபேசியை எடுக்கிறார். பெற்றோர் வரிசையாக வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். காரணம் சொல்வதில்லை.

எல்லாரும் மேரியைத்தான் திட்டுகிறார்கள். எங்களுக்கு அவள்மேல் அவ்வளவு கோபமில்லை. அந்த வயதில் பொய்யே சொல்லாத பிள்ளையை எந்த வகுப்பில் கண்டோம்? எங்களுக்குக் கோபம் வருவது விசாரணைக் காட்சியில். மேரியின் கதை தடுமாறுகிறது; உடனே ரோசலிதான் கண்டாள் என்கிறாள். ரோசலி சக மாணவியின் கைச்சங்கிலியைத் திருடியவள். அது மேரிக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து, அறை நிறையப் பெரியவர்கள் நிற்க, மேரியையும் வைத்துக்கொண்டு "சொல்லு" என்கிறார்கள். வேறென்ன சொல்வாள்?

கைச்சங்கிலி அகப்பட்டு உண்மை வெளியாகும்போது எல்லாம் முடிந்துவிட்டது. பாட்டி மன்னிப்புக் கேட்டு வருகிறார். அதன் பிறகும் மார்த்தா உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

இதைக் காட்டி 'பிள்ளைகளை நம்பாதீர்கள்' என்பவர்களோடு நாங்கள் இல்லை. பிள்ளை ஒரு ஆசிரியர்மீது முறைப்பாடு சொன்னால் கேட்டே ஆகவேண்டும். "எங்கட சேர் அப்படிச் செய்ய மாட்டார்" என்று மூடிவைத்துப் பாழான பிள்ளைகளும் உண்டு. ஆனால் பிள்ளையைத் தனியாக, பயமில்லாமல் பேசவிட்டுக் கேளுங்கள். சாட்டப்பட்டவரிடமும் கேளுங்கள். பிறகு தொலைபேசியை எடுங்கள். பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

(மேரிக்கு அந்தக் கதையின் விதை கிடைத்ததும் ஓர் ஆசிரியையின் வாயிலிருந்துதான். மார்த்தாவின் உறவுக்காரி கோபத்தில் கொட்டியதைப் பிள்ளைகள் ஒட்டுக்கேட்டார்கள். ஆசிரியர் அறையில் சத்தமாகக் கதைப்பவர்கள் கவனிக்க.)

லிலியன் ஹெல்மன் 1934இல் மேடையேற்றிய நாடகம்தான் இந்தப் படம். அதன் வேர் 1810இல் எடின்பரோவில் நடந்த உண்மைச் சம்பவம். அங்கும் இரண்டு ஆசிரியைகள், ஒரு மாணவி, ஒரு பாட்டி. சில நாட்களில் பாடசாலை காலி. படத்தில் ஆசிரியைகள் வழக்கில் தோற்கிறார்கள். நிஜத்தில் வென்றார்கள். வழக்கு பிரபுக்கள் சபைவரை போய் முடிந்தது 1819இல். பாடசாலை திரும்ப எழவில்லை.